சின்னவள் முடித்த போர்வை

சின்னவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. இந்த வயதிலும் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்கிறார்கள். அவளுக்கு மேலே ஒரு பெரியவள் இருக்கிறாளே, அவள் இருக்கும்வரை இவள் சின்னவள்தான், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை. வீட்டுக்கு வந்தால் தையல், பின்னல், ஒட்டுப்போர்வை என்று எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. அவள் எடுத்த ஒரு காரியம் முடிந்தும் யாரும் பார்த்ததில்லை.

சும்மா சொல்லவில்லை. பின்னறை அலமாரியைத் திறந்து பாருங்கள். கழுத்து வராத ஸ்வெட்டர் இரண்டு, காலர் வைக்காத சட்டை ஒன்று, ஒற்றைக் காலுறை பதினேழு. ஜோடி என்று ஒன்றாவது இருக்க வேண்டுமே, கிடையாது. எதிர்வீட்டுக் குழந்தை பிறந்தபோது ஆரம்பித்த தொப்பி ஒன்று அடியில் கிடக்கிறது. அந்தக் குழந்தை இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறது. தொப்பிக்கு இன்னும் உச்சி வந்து சேரவில்லை.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கல்யாணமான மறு வருஷம் அவருக்கென்று ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினாள். உடம்பு முடிந்தது, வலது கை முடிந்தது. இடது கைக்கு வருவதற்குள் கடைக்கு மயில் நீலத்தில் புதுக் கம்பளி நூல் வந்துவிட்டது. அவ்வளவுதான், மனசு அங்கே தாவிவிட்டது. அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒற்றைக் கையோடு அதை மாட்டிக்கொண்டு வேன் ஓட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம், "ஜன்னல் பக்கத்துக் கைக்குத்தானே குளிரும், அதுக்கு இருக்கு, போதும்" என்றார். வேனில் வந்த பிள்ளைகள் அவளுக்கு ஒத்தைக்கை ஆன்ட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் மாறி மாறிப் போனாலும் பெயர் மட்டும் வேனிலேயே தங்கிவிட்டது.

அவளிடம் கேட்டால் கொஞ்சம்கூட வெட்கப்பட மாட்டாள். "செய்யிறதுலதான் சுகம். முடிச்சிட்டா அப்புறம் அது வெறும் துணி" என்பாள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் பின்னறையில் உட்கார்வதைப் பார்த்தால் நமக்கே கை துறுதுறுக்கும். இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் துணி விறைப்பாகும். கத்திரி ஒரே ஓட்டமாகச் சரசரவென்று போகும். வெட்டிய துண்டுகளைக் கட்டிலில் பரப்பி, இதை அங்கே, அதை இங்கே என்று மாற்றி மாற்றி வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். அவளுக்குக் கிட்டத்தில் பார்வை மங்கிவிட்டதால், வீட்டுக்காரர் டீயோடு வந்து, பத்து ஊசியில் நூல் கோத்துத் திரைச்சீலையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவார். ஊசி தீர்ந்தால் அன்றைக்குக் கடை மூடல்.

கிளினிக்கிலும் மேஜைக்கு அடியில் பின்னல் ஊசி ஓடிக்கொண்டுதான் இருக்கும். டாக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். உள்ளே மெஷின் கிர்ரென்று சத்தம் போட்டால் இவளுக்குப் பல் கூசும், விரல் தானாக நூலை இறுக்கும். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்து, "இந்த மூணு வரிசை ரூட் கெனால்" என்று வீட்டுக்காரரிடம் காட்டுவாள். அந்த இடம் மட்டும் பலகை மாதிரி இருக்கும்.

இனி பெரியவள் கதைக்கு வருவோம். சின்னவளுக்கு ஆறு வயது மூத்தவள். ரயிலில் பத்து மணி நேரம் போனால் வருகிற வேறொரு ஊரில் இருக்கிறாள். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தினாள். கடுகளவு புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவள் கண்ணில் படாமல் தப்பாது. சின்னவள் எழுதிய கடிதங்களைக்கூடத் திருத்தித் திருப்பி அனுப்பிய மகராசி அவள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் பெரியவள் புது வீட்டுக்குக் குடிபோனபோது, "உனக்கு நான் ஒட்டுப்போர்வை தச்சுத் தரேன்" என்று இவள் வாயைக் கொடுத்தாள். பழைய துணிகளைச் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு முழுத்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் தைக்கிற போர்வை. நாற்பத்தெட்டுச் சதுரம் வேண்டும். பதினான்கை வெட்டினாள். பிறகு பெட்டியை மூடினாள்.

அதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பெரியவள் கேட்பாள்.

"என் போர்வை எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. வளருது."

"அதைக் கல்யாணம் பண்ணிக் குடுக்கிற வயசு வந்துருச்சுடி."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் வெயில் ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் பெரியவள் போன் செய்தாள். காய்கறி வாங்கியது, குழாய் ஒழுகியது, மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்த வரிசையிலேயே இதையும் சொன்னாள்.

"கண் டாக்டர்கிட்ட போயிருந்தோம். கண்ணுக்குள்ள அழுத்தமாம். ரொம்ப நாளா இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியல. ஓரத்துலேருந்து மறைச்சுக்கிட்டே வருது. வருஷக் கடைசிக்குள்ள முழுசாப் போயிருமாம்."

சின்னவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"ஏய், இருக்கியா? அழாதே. நான் ஒண்ணு கேக்கறேன், செய்வியா? அதுக்குள்ள என் போர்வையை ஒரு தடவை பாத்துரணும். அவ்வளவுதான்."

"பாப்பேக்கா. கட்டாயம் பாப்பே" என்றாள் சின்னவள். "முடிச்சு எடுத்துக்கிட்டு நானே வரேன். வெறுங்கையோட உன் வாசப்படி ஏற மாட்டேன், பாரு."

போனை வைத்துவிட்டு அழுதாள். முகம் கழுவினாள். நேரே பின்னறைக்குப் போய்ப் பெட்டியை இறக்கினாள். மேஜையில் அப்போது மயில் நீலத்தின் பேத்தி போல ஒரு நூல் பாதிச் சால்வையாகக் கிடந்தது. அதைச் சுருட்டி ஊசியோடு சேர்த்து அலமாரிக்கு மேலே எறிந்ததைப் பார்த்து வீட்டுக்காரர் டீயோடு வாசலிலேயே நின்றுவிட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரு புது நூலைக் கீழே வைத்து அவர் பார்த்ததில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அக்காவுக்கு ஒரு போன். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இன்னைக்கு எந்தத் துணி?"

துணியெல்லாம் அந்தக் குடும்பத்துத் துணி. அம்மா கட்டிவைத்த ஒரு மூட்டை சின்னவளிடம்தான் இருந்தது. அப்பாவுடைய கோடு போட்ட சட்டை, இருவரும் ஒளிந்து விளையாடிய பச்சைப் பூத் திரைச்சீலை, பெரியவள் முதல் நாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன காப்பிக்கொட்டை நிறப் பாவாடை, மழைக்கோட்டின் உள்துணி, பள்ளிக்கூடச் சீருடை. ஒரு மஞ்சள் கவுன் இருந்தது. ஆளுக்கொரு பக்கம் இழுத்துத் தோளில் கிழிந்து, யாருக்கும் இல்லாமல் போன கவுன்.

"அந்த மஞ்சளையும் போட்டுட்டேன்" என்றாள் சின்னவள்.

"எங்கே?"

"ரெண்டாவது வரிசை, நடுவுல."

"பக்கத்துல என்ன?"

"அப்பா சட்டை."

"நல்லது. பக்கத்துல அவர் இருக்கட்டும், இல்லேன்னா மறுபடி இழுத்துக்கிட்டு நிக்கப் போறோம்."

இந்தப் பேச்சு இரண்டு பேருக்கும் சோறு தண்ணி மாதிரி ஆகிவிட்டது. துணியின் நிறம் என்ன, பூ எவ்வளவு பெரிசு, வெளுத்திருக்கிறதா, எந்தப் பக்கம் கோடு ஓடுகிறது, எல்லாம் கேட்பாள் பெரியவள். பிழை திருத்துகிறவள் அல்லவா, ஒன்றையும் விட மாட்டாள். "நேத்து பழுப்புன்னே, இன்னைக்குக் காப்பிக்கொட்டைங்கிறே, ரெண்டுல எது?" என்று மடக்குவாள். சின்னவள் துணியை விளக்குக்கு அடியில் கொண்டுபோய்ப் பார்த்துச் சரியாகச் சொல்வாள்.

ஆனால் பழக்கம் சும்மா விடுமா? மூன்றாவது மாசம் கை அரிக்க ஆரம்பித்தது. ஒரே மாதிரிச் சதுரம், ஒரே மாதிரித் தையல். ஒரு நாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கள்ளத்தனமாக ஒரு சின்னக் காலுறையை ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி அங்கே டிக் டிக்னு சத்தம்?" என்றாள் பெரியவள்.

"கடிகாரம்."

"உன் வீட்டுக் கடிகாரம் நின்னு ஆறு மாசமாச்சு. ஊசியைக் கீழே வை."

வைத்துவிட்டாள். பதினெட்டாவது ஒற்றைக் காலுறை அன்றைக்கே அலமாரிக்குப் போனது.

நான்காவது மாசம் டாக்டர் வெளியூர் போனார். கிளினிக்குக்கு நாலு நாள் பூட்டு. வீட்டுக்காரர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"போய் உங்கக்காவைப் பாத்துட்டு வாயேன். ரெண்டு வருஷமாச்சு போயி."

"போர்வை பாதிதான் ஆயிருக்குங்க. இந்த நாலு நாள் கிடைச்சா ஒரு வரிசை முடிச்சிருவேன்."

"போர்வையைத் தூக்கிட்டே போயேன். அங்கே வச்சுத் தை."

"முடிச்சுட்டு வரேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அரைகுறையா எடுத்துக்கிட்டுப் போனா, நீ மாறவே மாட்டியான்னு கேப்பா."

சொன்னால் சொன்னதுதான், பிடிவாதம் பிடித்தால் அவளை அசைக்க யாரால் முடியும். அவர் பேசாமல் பத்து ஊசிக்குப் பதில் இருபது ஊசி கோத்துவைத்தார். நாலு நாளில் ஒன்றரை வரிசை முடித்தாள். வாழ்க்கையில் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

ஐந்தாம் மாசக் கடைசியில் நடந்த கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சதுரங்கள் எல்லாம் இணைந்து, பஞ்சும் அடித்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கிற கட்டம். போர்வை பெரிசு, மடியில் அடங்காது. கட்டிலில் விரித்துப்போட்டு, ஓரத்தில் உட்கார்ந்து, குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தையல். சின்னச் சின்னத் தையல், எண்ணி வைத்த மாதிரி. தானே மெச்சிக்கொண்டு, எழுந்து போர்வையைத் தூக்கினாள். கட்டில் விரிப்பும் கூடவே வந்தது. இழுத்துப் பார்த்தாள். உதறிப் பார்த்தாள். ஒரு நாள் வேலை முழுவதையும் விரிப்போடு சேர்த்தே அச்சாகத் தைத்து வைத்திருந்தாள்.

வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "கட்டிலை விட்டுட்டியே, அதையும் சேத்துத் தச்சிருக்கலாம்" என்றார். தையலைப் பிரிக்க நாலு சாயங்காலம் ஆனது, அவரும் கூட உட்கார்ந்து பிரித்தார். போனில் இதைக் கேட்டுப் பெரியவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரர், அத்தான், ஓடிவந்து தண்ணீர் கொடுத்தது இங்கே கேட்டது.

அதற்குப் பிறகு பெரியவளின் கேள்விகள் இன்னும் கூடின. ஓரப்பட்டி என்ன நிறம், எவ்வளவு அகலம், மூலையில் மடிப்பு எப்படி விழுந்திருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டாள். முதல் வரிசையிலிருந்து ஒரு தடவை சொல் என்பாள். மறுநாள் கடைசி வரிசையிலிருந்து சொல் என்பாள். அக்காவுக்கு அவ்வளவு ஆசை என்று சின்னவளுக்கு மனசு குளிர்ந்தது. "கண் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டால், "அது பாட்டுக்கு இருக்கு, நீ துணியைச் சொல்லு" என்பாள்.

ஏழாம் மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைசி மூலைக்கு வந்தாள். நாலு விரல்கடை ஓரம்தான் பாக்கி. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது, வேறென்ன. ஒன்றை முடித்துப் பழகாதவளுக்கு முடிப்பது எப்படி என்று யார் சொல்லித் தருவது? வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அவள் தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அவர் நம்பாமல்.

"முடிஞ்சுது."

அவர் போய் இன்னொரு தடவை டீ போட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு வாரம் லீவு கேட்டதற்கு டாக்டர் மூன்று நாள்தான் தந்தார். ரயில் தூசி படாமல் இருக்க, நல்ல பக்கம் உள்ளே போகும்படி போர்வையைத் திருப்பி மடித்தாள். போர்வை வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் மடிப்பார்கள். வெளியே வெள்ளை அடித்துணி மட்டும் தெரியும். அதை ஒரு தலையணை உறைக்குள் திணித்து, பத்து மணி நேரமும் மடியிலேயே வைத்திருந்தாள். எதிர் சீட்டுக்காரி, "மேல வைங்களேன், இடம் இருக்கே" என்று சொல்லிப் பார்த்து அலுத்துப்போனாள்.

பெரியவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கதவுச் சத்தத்துக்குச் சரியாகத் திரும்பிச் சிரித்தாள். கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"இளைச்சுப் போயிருக்கேடி" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இரண்டு வருஷத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள். அக்கா முன்னே நடந்தாள். கூடத்தில் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, படுக்கையறைக் கதவைத் தள்ளி, ஜன்னலைத் திறந்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை. மங்கலாகவாவது தெரிகிறது போலிருக்கிறது, நல்லவேளை நேரத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று சின்னவள் பெருமூச்சு விட்டாள். ஏழு மாசமாக நெஞ்சில் கட்டியிருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

"அவர் டீ போடப் போயிருக்கார். நீ காட்டு. என்னால பொறுக்க முடியாது" என்று பெரியவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சின்னவள் உறையிலிருந்து போர்வையை உருவி, கட்டில் மேல் ஒரே வீச்சாக விரித்தாள். உள்பக்கம் மேலே விழுந்தது. கட்டில் நிறைய ஒரே வெள்ளை. புரட்டிப் போடலாம் என்று நுனியைப் பிடிப்பதற்குள் பெரியவள் குனிந்து இரண்டு கையையும் அதன் மேல் வைத்துவிட்டாள்.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்குடி" என்றாள்.

சின்னவள் பிடித்த நுனியோடு நின்றாள்.

"இதோ, அப்பா சட்டை. நீலக்கோடு நீ சொன்ன மாதிரியே வெளுத்துப் போகாம இருக்கு. பக்கத்துல மஞ்சள் கவுன்." பெரியவளின் விரல் வெள்ளைத் துணியில் இரண்டாவது வரிசை இருக்கவேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய் நின்றது. "அந்தப் பச்சைப் பூவுக்குக் கீழே என் பாவாடை. காப்பிக்கொட்டைதான், பழுப்பு இல்ல. ஓரப்பட்டி செங்கல் நிறம் நல்லா எடுப்பா இருக்கு. மழைக்கோட்டுத் துணி மட்டும் கொஞ்சம் கருப்பு கூடத்தான், ஆனா மூலையில இருக்கிறதால கண்ணை உறுத்தல."

ஒரு சதுரம் விடாமல் சொன்னாள். ஒன்றும் தப்பில்லை. சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கண் போர்வையின் மேல்தான் இருந்தது, ஆனால் அசையவில்லை. வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு விஷயத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் அவள். அன்றைக்கு இருந்தாள். அக்கா பார்த்துவிட்டதாகவே இருக்கட்டும், ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் அழுதுகொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டாள்.

"பிடிச்சிருக்காக்கா?" என்றாள்.

"பிடிச்சிருக்காவா? கண்ணை எடுக்கவே முடியலடி."

அந்த நேரம் பார்த்து அத்தான் டீத் தட்டோடு உள்ளே வந்தார். நல்ல மனிதர், தங்கமான மனிதர், ஆனால் மனசில் பட்டதை வாய் உடனே சொல்லிவிடும்.

"எங்கே, காட்டும்மா பாப்போம். என்ன இது, வெறும் வெள்ளையா இருக்கு? கலர் கலரா இருக்கும்னு இவ சொன்னாளே."

பெரியவளின் கை நின்றது. விரலால் துணியை ஒரு தடவை தடவினாள். சதுரங்கள் சேரும் இடத்தில் மேடு இருக்க வேண்டுமே, இல்லை. மெதுவாகக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"திருப்பிப் போட்டிருக்கியா?" என்றாள் பெரியவள்.

"தூசி படக் கூடாதுன்னு மடிச்சேன்க்கா. புரட்டறதுக்குள்ள நீ கை வச்சுட்டே."

"மாட்டிக்கிட்டேனா." பெரியவள் சிரிக்கப் பார்த்தாள், பாதிதான் வந்தது. "எல்லாம் இவரால. முப்பத்தஞ்சு வருஷமா ஒரு தடவையாவது வாயை மூடிக்கிட்டு டீ கொண்டு வந்திருக்காரா?"

சின்னவள் தரையில் அக்கா காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "எப்பேருந்துக்கா?"

"நீ கட்டில் விரிப்போட சேத்துத் தச்சியே, அப்பவே கொஞ்சம்தான் தெரிஞ்சுது. ரெண்டு வாரத்துல அதுவும் போயிருச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஊசியைப் போட்டுட்டு ஓடி வந்திருப்பே. பொறந்ததுலேருந்து நீ ஒண்ணு முடிச்சதில்ல. இதையாவது முடிக்கட்டும்னு பாத்தேன்." நிறுத்தினாள். "அதுவும் பொய்தான். ஏழு மணி போன் எனக்கு வேணும்டி. நீ சொல்லச் சொல்லத் தெரியும். போனை வச்சா போயிரும். போர்வை வேண்டாம்னு ஆயிட்டா நீ என்னத்தைச் சொல்லுவே? சாப்பிட்டியா, மருந்து போட்டியான்னு கேப்பே."

சின்னவள் அக்காவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நாலு நாள் பூட்டியிருந்த கிளினிக் நினைவுக்கு வந்தது. அப்போது அக்காவுக்குக் கண் தெரிந்தது. வீட்டுக்காரர் போகச் சொன்னார். ஒன்றரை வரிசை தைத்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

"நான் வந்திருக்கணும்க்கா. நாலு நாள் லீவு இருந்துச்சு. போர்வையைப் பாக்கணும்னு நீ சொன்னியேன்னு உக்காந்து தச்சேன். நீ என்னைப் பாத்திருக்கலாம்."

பெரியவள் இல்லை என்று சொல்லவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தங்கையின் தலையில் கையை வைத்தாள். அத்தான் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் வெளியே போய்விட்டார்.

"ஏழு மாசமாத் துணியைத்தான் சொன்னே" என்றாள் பெரியவள் கடைசியில். "உன்னைச் சொல்லவே இல்லையே. சொல்லு இப்ப. எப்படி இருக்கே?"

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இளைக்கலக்கா. குண்டாயிட்டேன்."

"எங்கெங்கே?"

"இடுப்பு. கை. கழுத்துல ஒரு மடிப்பு."

"முடி?"

"முன்னாடி நரைச்சிருச்சு. சாயம் போட்டிருக்கேன். காதோரம் வெளுத்துக்கிட்டு இருக்கு."

"என்ன சாயம்? கருப்பா?"

"கருப்புன்னுதான் பாக்கெட்டுல போட்டிருந்தான். வெயில்ல பாத்தா செம்பட்டை."

"சரியாச் சொல்லு, ரெண்டுல எது?"

"செம்பட்டை."

"கண்ணாடி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன். கருப்பு ஃபிரேம். இடது பக்கக் காம்பு ஆடுது. கண்ணுக்குக் கீழே பை மாதிரி இருக்கு, வலதுல கொஞ்சம் பெரிசு."

"கன்னம்?"

"தொங்குது."

"சிரிச்சா குழி விழுமே, அது?"

சின்னவள் சிரித்துப் பார்த்தாள். ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பொய் சொல்லக் கூடாது என்று இருந்தது.

"விழுதுக்கா. குழியா இல்ல, கோடா இருக்கு. நீளமா."

"ம்" என்றாள் பெரியவள். கண்ணை மூடிக்கொண்டாள். "மெதுவாச் சொல்லு. நெத்தியிலேருந்து மறுபடி ஒரு தடவை சொல்லு."